தமசேசே அவர்களுக்கு, உங்கள் சமோவாவிலிருந்து வந்த சேதி

அன்பிற்குரிய துப்புவா தமசேசே லியாலோஃபி அவர்களுக்கு,

வணக்கம். 1929 டிசம்பர் 28 சனிக்கிழமைக்கு அப்புறம் பசிபிக் தீவு நாடான உங்கள் சமோவாவில் என்ன நடந்தது என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை.

அந்தக் காலையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறேன். தலைநகர் ஆப்பியாவின் கடற்கரைச் சாலையில், நியூசிலாந்து ஆட்சியை எதிர்க்கும் மௌ இயக்கத்தின் ஊர்வலம்; அதன் தலைவர் நீங்கள். நாடு கடத்தப்பட்ட ஒருவர் திரும்பி வருகிறார், வரவேற்கப் போகிறீர்கள். கூட்டத்தில் ஒருவரைப் பிடிக்கப் போலீஸ் உள்ளே புகுகிறது. கைகலப்பு, அப்புறம் துப்பாக்கிச் சூடு. நீங்கள் ஓடி ஒளியவில்லை. உங்கள் ஆட்கள் பக்கம் திரும்பி, அமைதி காக்கச் சொல்லிக் குரல் கொடுத்தீர்கள். அப்படி நின்றபோதுதான் குண்டு பாய்ந்தது. உங்களைத் தாங்கிப் பிடிக்க ஓடி வந்தவர்களையும் விடவில்லை. மறுநாள் உயிர் பிரிந்தது. 28 வயது. என் ரத்தத்துக்குப் பழி வாங்க நினைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள்.

பழி வாங்கக் காரணம் இல்லாமலா இருந்தது? உங்களுக்குத் தெரியும்; இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1914இல் ஜெர்மனியிடமிருந்து உங்கள் தீவுகளைப் பிடித்தது நியூசிலாந்து. 1918 நவம்பரில் ஆக்லாந்திலிருந்து வந்த தலுனே கப்பலில் காய்ச்சல்காரர்கள் இருந்தும் அதை நிறுத்தி வைக்கவில்லை. சுமார் 8,500 பேர் செத்தார்கள், ஐந்தில் ஒருவர். பக்கத்திலேயே அமெரிக்க சமோவாவில் துறைமுகத்தை அடைத்தார்கள், ஒரு சாவுகூட இல்லை. இதை எத்தனை முறை படித்தாலும் மனசு ஆறவில்லை.

சரி, நீங்கள் பார்க்காததைச் சொல்கிறேன். 'சமோவா சமோவாவுக்கே' என்ற உங்கள் மௌ இயக்கம் சாகவில்லை. ஆண்கள் காட்டுக்குள் பதுங்கினார்கள். போர்க்கப்பலில் வந்த சிப்பாய்கள் அவர்களைத் தேடி அலைந்தார்கள். அப்போது இயக்கத்தைக் கையில் எடுத்தவர்கள் பெண்கள். 1935இல் நியூசிலாந்தில் தொழிற்கட்சி ஜெயித்த பிறகு பிடி தளர்ந்தது. நாடு கடத்தப்பட்டிருந்த இன்னொருவரான உங்கள் மௌ தலைவர் நெல்சனும் ஊர் திரும்பினார். உலகப் போருக்குப் பின் ஐ.நா.வின் மேற்பார்வை, அரசியல் சட்டம் எழுதும் மாநாடுகள் என்று மெல்ல நகர்ந்து, 1961 மே மாதம் மக்கள் வாக்கெடுப்பு. தேர்தலில் பெரும்பாலும் மத்தாய்கள் என்னும் குடும்பத் தலைவர்களுக்கே வாக்கு என்றிருந்த நாட்டில், அன்று வயது வந்த பெண்களும் ஆண்களும் வாக்களித்தார்கள். 1962 ஜனவரி 1, விடுதலை. கடந்த நூற்றாண்டில் பசிபிக் தீவுகளில் முதலில் சுதந்திரம் பெற்றது உங்கள் நாடுதான்!

2002இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் ஆப்பியாவுக்கே வந்து, அந்தக் கப்பலுக்காகவும் உங்களைச் சுட்டதற்காகவும் மன்னிப்புக் கேட்டார். உங்களோடு நின்ற மதாஃபா ஃபௌமுயினாவின் பேத்தி 2021இல் பிரதமரானார்.

முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேனே. விடுதலை பெற்ற அன்று நாட்டுக்குத் தலைவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாலியெதோவா தனுமாஃபிலி. இன்னொருவர், உங்களுக்குப் பின் தமசேசே பட்டத்தை ஏற்ற உங்கள் தம்பி மெயாஓலே.

அன்புடன்,
தமிழ் வாசகன் ஒருவன்