ஜூரியின் மனச்சாட்சி

ஆசிரியர் அவர்களுக்கு,

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கிய 'ஜூரர் நம்பர் 2' (2024) பற்றி உங்கள் சினிமாப் பக்கத்தில் ஒரு வரிகூட வராதது எனக்குக் கவலை. மழை இரவில் காரில் எதையோ மோதி, மான் என்று நினைத்துப் போய்விட்டவன், பிறகு ஒரு கொலை வழக்கில் ஜூரராக, அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் பொதுமக்கள் குழுவில் (ஜூரியில்) ஒருவனாக இருக்கிறான். சட்டத்தரணிகள் தேதியையும் இடத்தையும் சொல்லச் சொல்ல, அந்தப் பெண் தன் காரில் அடிபட்டே செத்திருக்கலாம் என்று அவனுக்கு உறைக்கிறது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணி மனைவி. வாயைத் திறந்தால் தன் வாழ்க்கை போச்சு, மூடினால் கூண்டில் நிற்பவன் கதி அதோகதி.

எங்கள் இலங்கையின் மேல் நீதிமன்றங்களிலும் ஏழு பேர் கொண்ட ஜூரி உண்டு. 1996 பெப்ரவரி 11இல் மூதூர்ப் பக்கம் குமாரபுரத்தில் 26 பேர் கொல்லப்பட்ட வழக்கு அநுராதபுரத்தில் நடந்து, 2016இல் ஆறு முன்னாள் இராணுவத்தினரையும் ஜூரி குற்றமற்றவர்கள் என்றது. திருகோணமலையில் இருந்துகொண்டு இந்தப் படத்தை வெறும் பொழுதுபோக்காகப் பார்க்க என்னால் முடியவில்லை. ஜூரி முறை பற்றிச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கொண்டு ஒரு கட்டுரை போடுங்கள், சரியா? தீர்ப்புக்கு முன் அந்த ஏழு பேரிடம் நீதிபதி என்ன சொல்கிறார் என்பதாவது சனங்களுக்குத் தெரியட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை