கிளை நூலக வாசகர் வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, கிளை நூலகர் அவர்களே, புரவலர்களே, வாசகர் வட்ட உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2025 சனவரி முதல் டிசம்பர் முடிய நம் வட்டம் ஆற்றிய பணிகளைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். விழாக்கள், சொற்பொழிவுகள், வந்து சிறப்பித்தவர்கள் பற்றிய விவரம் நிகழ்ச்சிப் பதிவேட்டில் இருப்பதால் அவற்றை இங்கே திரும்ப வாசிக்கவில்லை. சென்ற பொதுக்குழுவில் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "உடம்பைப் பார்த்துக்கொள்ள, குணத்தைத் திருத்திக்கொள்ள, நாலு பேரிடம் ஏமாறாமல் இருக்க எதைப் படிக்கலாம் என்று ஒரு பிள்ளை வந்து கேட்டால், இதைப் படி என்று எடுத்துக் கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது?" என்று கேட்டது நினைவிருக்கும். அதற்கு விடையாக ஒரு பரிந்துரைப் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பைச் செயற்குழுவிடம் ஒப்படைத்தீர்கள். இந்த அறிக்கையின் பெரும்பகுதி அந்தப் பட்டியலைப் பற்றியதே.

பிப்ரவரியில் கூடிய செயற்குழு மூன்று விதிகளை வகுத்துக்கொண்டது. சொன்னவர் யார் என்று தெரியாத எதையும் சேர்ப்பதில்லை. நூலகத்தில் இரவலாகவோ கைப்பேசியில் செலவில்லாமலோ கிடைக்காத எதையும் சேர்ப்பதில்லை. நம்மில் ஒருவராவது முழுக்கப் படித்தோ பயன்படுத்தியோ பார்க்காத எதையும் சேர்ப்பதில்லை. மூன்றாவது விதியால் பட்டியல் பாதியாகச் சுருங்கியது. நான் முன்மொழிந்த இரண்டு நூல்களும் அதில் அடிபட்டன. நம் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தூரத்தில் உள்ள சீர்காழியில் 1892-இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பதை ஒரு விதியாகவும், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துக என்பதை இன்னொரு விதியாகவும் வைத்தார். நாங்கள் பட்டியலைக் குறுக்கியதற்கு வாசகரின் நேரம் பற்றிய அந்த விதியே துணை. பட்டியலை எழுதி வைக்கும் பலகையின் தலைப்பில் 'எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்' என்ற குறளை எழுதலாம் என்றொரு யோசனை வந்தது. நூலகச் சுவரில் அது ஏற்கெனவே இரண்டு இடங்களில் இருப்பதால் விட்டுவிட்டோம்.

உடல்நலப் பகுதியில் முதலில் எங்கள் தவறு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். பலகை வைத்த முதல் வாரத்திலேயே, தீக்காயத்துக்குப் பற்பசை தடவச் சொல்லும் துண்டுத்தாள் ஒன்று அதில் ஒட்டப்பட்டு நான்கு நாட்கள் இருந்தது. ஒட்டியவரை அனுமதித்தது நான்தான். நூல் மாற்ற வந்த கிராம சுகாதார செவிலியர் அதைப் பார்த்துவிட்டு, "இதை முதல்ல கிழிச்சுப் போடுங்க சார், வெந்த இடத்துல ஓடுற தண்ணிதான், இருபது நிமிஷம், வேற ஒண்ணும் வேணாம்" என்றார். பற்பசையும் மையும் மாவும் காயத்தின் சூட்டை உள்ளேயே அடைத்து வைப்பதோடு, மருத்துவர் காயத்தின் ஆழத்தைப் பார்க்க முடியாமலும் செய்துவிடும் என்று அவர் விளக்கிய பிறகுதான், நாம் வகுத்த முதல் விதியை நாமே மீறியது உறைத்தது. அன்று முதல் உடல்நலம் பற்றிய எந்தத் தாளும் அவர் பார்வைக்குப் போகாமல் பலகையில் ஏறுவதில்லை.

அவருடைய யோசனைப்படி சூன் மாதக் கூட்டத்தை, வயிற்றுப்போக்கின்போது கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கென்றே ஒதுக்கினோம். இதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் முணுமுணுத்தார்கள். ஆனால், வந்திருந்தவர்களிடம் பொட்டலத்தைக் கொடுத்துக் கரைக்கச் சொன்னபோது, பெரும்பாலோர் முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டினார்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு உரியது. 200 மில்லி லிட்டருக்கான சிறிய பொட்டலமும் கடையில் கிடைக்கிறது. எது எதற்கு என்பது அதன் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. குடல் சுவரில் சர்க்கரையும் உப்பும் கைகோத்துத்தான் உள்ளே போகும், தண்ணீர் அவற்றைத் தொடர்ந்து போகும்; ஆகவே கரைசல் மிகக் கெட்டியாகிவிட்டால் உடலில் உள்ள தண்ணீர் குடலுக்குத் திரும்பி வயிற்றுப்போக்கு கூடிவிடும். 1971-இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில், நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில், காலரா நோயாளிகளுக்கு இந்தக் கரைசலை வாய்வழியே கொடுத்துப் பலரைப் பிழைக்கவைத்த மருத்துவர் திலீப் மகலனாபிஸ் பற்றியும் அன்று பேசப்பட்டது. அவர் மறைந்த பின் 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. பொட்டலம் இல்லாத வேளைக்கு, ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி அளந்தது என்று பலகையில் எழுதியுள்ளோம். கலக்கிய கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் சேர்த்துக்கொண்டு விற்கப்பட்ட இனிப்புப் பானங்களுக்கு எதிராக உணவுப் பாதுகாப்பு ஆணையம் அக்டோபரில் ஆணையிட்டபோது, நம் உறுப்பினர்களில் பலருக்கு அதன் காரணம் ஏற்கெனவே தெரிந்திருந்தது. இந்த ஆண்டு எனக்கு மனநிறைவளித்த செய்தி அதுவே.

வயலில் வேலை செய்வோர் நிறைந்த ஊர் என்பதால் பாம்புக்கடி பற்றிய தாளையும் சற்று விரிவாகவே தயாரித்தோம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கும் ஒரே நச்சு முறிவு மருந்துதான் என்பதால், அடித்த பாம்பைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டிய தேவையில்லை. கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவதும், கீறிவிடுவதும், வாயால் உறிஞ்சுவதும் தீங்கே செய்யும்; கை காலை அசைக்காமல் வைத்து 108-ஐ அழைப்பதுதான் செய்யத்தக்கது. கட்டுவிரியன் இரவில் தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும்போது வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருப்பதில்லை. விடியற்காலையில் வயிற்றுவலியும் இமை சரிவதுமே முதல் அறிகுறியாக இருக்கலாம் என்ற வரியைச் சிவப்பு மையில் எழுதச் செய்தேன். எங்கள் தெருவிலேயே அதை அறியாதவர்கள் பலர் உண்டு.

உணவு குறித்து எண்ணற்ற நூல்கள் வந்தாலும், ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் புதுப்பித்து வெளியிட்ட உணவு வழிகாட்டி ஒன்றையே பட்டியலில் வைத்தோம். அது ஆங்கிலத்தில் இருப்பதால், அதிலுள்ள 17 வழிகாட்டுதல்களையும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கத்தில் தமிழில் சுருக்கித் தந்தார். அந்நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில் சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோய் ஆய்வுக்காகத் தொடங்கிய சிறிய ஆய்வகத்திலிருந்து வளர்ந்தது என்பதைச் சொன்ன பிறகு அந்தத் தாளுக்கு மதிப்புக் கூடியதைக் கண்டேன். நாளொன்றுக்கு ஒருவருக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி போதும் என்பதும், ஊறுகாயிலும் அப்பளத்திலும் கருவாட்டிலும் உள்ள உப்பு அந்தக் கணக்கில் சேரும் என்பதும் பெண்கள் பகுதியில் நெடுநேரம் விவாதிக்கப்பட்டன. விவாதம் முடிவுக்கு வரவில்லை. கருவாட்டுக்கு ஆதரவு வலுவாக இருந்தது.

மருந்து அட்டையைப் படிப்பது எப்படி என்ற ஒரு பக்கத் தாள் அதிகமாகக் கேட்டு வாங்கப்பட்டது. காலாவதித் தேதி, வணிகப் பெயரோடு உள்ள மூலப்பெயர், மருத்துவர் சீட்டின்றி வாங்கக்கூடாத மருந்துகளைக் காட்டும் சிவப்புக் கோடு ஆகியவற்றை அது விளக்குகிறது. சர்க்கரை, இரத்த அழுத்தத்துக்கான மாத்திரைகளை 2021 ஆகத்துமுதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே வீட்டிலேயே பெறலாம் என்பதை அறியாத முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பது இந்தத் தாளைக் கொடுக்கும்போது தெரியவந்தது.

சுயமுன்னேற்ற நூல்களைப் பொறுத்தவரை செயற்குழுவில் கருத்து வேறுபாடு இருந்தது, இருக்கிறது. முப்பது நாளில் வாழ்க்கை மாறும் என்று அட்டையில் வாக்களிக்கும் நூல்கள் அதிகம் இரவல் போகின்றன. ஆனால், அவற்றை எடுத்தவர்களைக் கேட்டால் முதல் இரண்டு இயலுக்கு மேல் படித்தவர் அரிது. இந்த வகை நூல்களே மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு வேண்டாம் என்று சிலர் வாதிட்டார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. செக்கிழுத்த வ.உ.சிதம்பரனார் ஆங்கில எழுத்தாளர் ஜேம்ஸ் ஆலனின் நூல்களை விரும்பித் தமிழாக்கியவர். அவற்றுள் ஒன்றாகிய 'மனம் போல வாழ்வு' அளவில் சிறியது, நடையில் கடினமானது. வ.உ.சி. 1936-இல் மறைந்தார் என்பதால் ஆசிரியர் மறைவுக்குப் பின் அறுபது ஆண்டு என்னும் காப்புரிமைக் காலம் கடந்துவிட்டது, படியெடுக்கத் தடையில்லை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை அதைச் சனிக்கிழமைதோறும் சில பக்கங்களாகச் சேர்ந்து படித்தோம். எண்ணத்தாலேயே எல்லாம் ஆகிவிடும் என்ற ஆலனின் உறுதியை இளைஞர்கள் சிலர் மறுத்துப் பேசினார்கள். வறுமையும் நோயும் எண்ணத்தின் குற்றமா என்று ஒரு கல்லூரி மாணவி கேட்ட கேள்விக்கு எங்களில் யாரிடமும் நேரான பதில் இல்லை. ஆயினும் ஒரு நூலைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்தோம். மனச்சோர்வு நூலால் தீராத அளவுக்குப் போனால் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம் என்பதையும் இந்தப் பகுதியிலேயே குறித்திருக்கிறோம்.

அன்றாட நடைமுறை அறிவு என்ற மூன்றாம் பகுதியில் நூல் ஏதும் இல்லை; வீட்டில் உள்ள பொருள்களையே படிக்கக் கற்றுக்கொடுத்தோம். எரிவாயு உருளையின் கழுத்துப்பட்டையில் 'பி-27' என்றிருந்தால் அதை 2027 சூனுக்குள் மறுசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று பொருள். ஏ முதல் டி வரையிலான எழுத்துகள் ஆண்டின் நான்கு காலாண்டுகளைக் குறிக்கும். பொட்டல உணவில் எது அதிகமோ அது மூலப்பொருள் பட்டியலில் முதலில் வரும். சத்துமாவு என்று பெயரிட்ட ஒன்றில் சர்க்கரை முதலில் நின்றதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். கைப்பேசி வழியே நமக்கு வரும் பணத்தைப் பெறுவதற்கு இரகசிய எண்ணை அழுத்தத் தேவையில்லை, காணொளி அழைப்பில் யாரையும் கைது செய்ய சட்டத்தில் இடமில்லை என்ற இரண்டையும் பெரிய எழுத்தில் வைத்திருக்கிறோம். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு இரண்டு நாள் மறைக்காமல் இணையவழி மோசடிக்கான உதவி எண் 1930-ஐ உடனே அழைத்தால், பணம் கைமாறுமுன் முடக்கிவைக்க வாய்ப்புண்டு. வெட்கப்பட்டு மறைத்தவர் ஒருவர் நம் வட்டத்திலேயே இருந்தார். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

குறைகளும் உண்டு. கண்பார்வை மங்கிய உறுப்பினர்களுக்காகப் பட்டியலைப் பெரிய எழுத்தில் அச்சிடுவதாகச் சொல்லி, செய்யவில்லை. ஆண்கள் உடல்நலக் கூட்டங்களுக்கு வருவது குறைவு. வந்தவர்களும் நாளிதழ்ப் பகுதியில் அமர்ந்தே காது கொடுத்தார்கள். மழைக்காலத்தில் இரண்டு மாதக் கூட்டங்கள் நடைபெறவில்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். அச்சுச் செலவு தவிர அதில் விளக்கம் தேவைப்படும் இனம் ஏதுமில்லை.

வரும் ஆண்டில் நாய்க்கடி, மருத்துவக் காப்பீட்டு அட்டை ஆகிய இரண்டுக்கும் தாள் தயாரிக்கவும், பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்தவும், படிக்கப்படாத எதையும் அதிலிருந்து நீக்கவும் செயற்குழுவுக்கு அனுமதி வேண்டுகிறேன். சூன் கூட்டத்துக்காக வாங்கி, ஒரு லிட்டர் அளவு குறித்து மேசையில் வைத்த பாட்டில் ஆகத்து முதல் காணவில்லை. எடுத்துச் சென்றவர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் திருப்பித் தர வேண்டாம். புதிதாக ஒன்று வாங்க இக்கூட்டம் ஒப்புதல் அளித்து, இவ்வறிக்கையையும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்