அப்பாவுக்காக ஓடி வந்தவர்களுக்கு

அன்புள்ள காரைக்குடி உறவுகளுக்கும் நண்பர்களுக்கும்,

அப்பாவின் கருமாதி முடிந்து வெளியூர் சனமெல்லாம் கிளம்பிவிட்டார்கள். துக்கத்துக்கு வந்தவர்களிடம் அன்று நாங்கள் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால்தான் இந்த மடல்.

யாரிடமும் சும்மா உதவி வாங்குவது அப்பாவுக்குப் பழக்கமில்லை. தங்கையின் பிரசவத்தன்று ராத்திரியில் ஆட்டோ ஓட்டி வந்தவர் காசு வாங்க மறுத்துவிட்டார். அடுத்த வாரமே அவர் வீட்டில் ஒரு தேக்கு மணையைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார் அப்பா. நீங்கள் இப்போது செய்ததற்கு ஆளுக்கொரு முக்காலியாவது செய்திருப்பார். எங்களில் யாருக்கும் உளி பிடிக்கத் தெரியாது. வாயால் சொல்வதோடு சரி.

அப்பாவின் தச்சுப் பட்டறைக்கு எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு முதல் நன்றி. அப்பா மூச்சுத் திணறி உட்கார்ந்ததைப் பார்த்ததும் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வந்தவர். ஆஸ்பத்திரியில் இரவுப் பணியில் இருந்த செவிலியர் அக்கா, தன் வீட்டுக் கட்டில் ஆடுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டுக் கேட்டே அப்பாவுக்கு இரண்டு வாய் கஞ்சி ஊட்டிவிடுவார். வேலைப் பேச்சு என்றால்தான் அப்பா வாய் திறப்பார் என்பதை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். மரக்கடை முதலாளி கடைசிவரை பாக்கி நோட்டை எடுக்கவே இல்லை. பந்தல் போட்ட தம்பிகள், தெருவுக்கே சாப்பாடு கொடுத்த பக்கத்து வீட்டு ஆச்சி, எல்லாருக்கும் கும்பிடு.

அப்பா பெயர் சொல்வது செட்டிநாட்டு வீட்டுக் கதவுகள்தான். அந்தப் பழைய பர்மா தேக்குக் கதவுகளுக்குக் கீல் கிடையாது. மேலும் கீழும் குடுமி என்ற முளை வைத்து, அது குழியில் சுழலும். பல வருடம் ஆனால் கீழ்க்குடுமி தேய்ந்து கதவு தரையை உரசும். கழற்றி விற்றுவிட்டுப் புதுக்கதவு போடச் சொல்லும் ஆட்கள் உண்டு. அப்படிக் கழற்றியவை முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் அடுக்கியிருப்பதைப் பார்த்தால் அப்பாவுக்குப் பொறுக்காது. தேய்ந்த இடத்தை மட்டும் வெட்டி, காடிப் பள்ளம் எடுத்து, வைரம் பாய்ந்த துண்டு ஒன்றைக் கோத்து, மூங்கில் ஆணி அடித்துவிடுவார். வெள்ளை விழுந்த, அதாவது வைரம் பாயாத மரத்தைத் தொடமாட்டார், உளுத்துப்போகும் என்பார். கூலி குறைவு, நேரம் அதிகம். அம்மா இதற்காகச் சண்டை போட்டிருக்கிறார், அவர் பக்கமும் நியாயம் இருந்தது.

அதே அம்மாவுக்கு, கை எட்டும் உயரம் பார்த்து அடுப்படி அலமாரி செய்தவரும் அவர்தான். பேரப்பிள்ளைகள் எல்லாருமே அவர் செய்த ஒரே நடைவண்டியைப் பிடித்து நடந்தவர்கள்.

அப்பாவிடம் தொழில் கற்ற பிள்ளைகள் திருப்பூர், கோயம்புத்தூரிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்து தோள் கொடுத்தார்கள். அவர்களுக்கு நன்றி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். அதனால் சொல்லவில்லை.

அப்புறம் ஒரு விஷயம். அப்பாவிடம் மரமோ அட்வான்ஸோ கொடுத்தவர்கள் தயங்காமல் பட்டறைக்கு வாருங்கள். அளவுகளெல்லாம் அவர் நோட்டில் இருக்கின்றன. கூடவே இருந்த மூத்த சீடர் மீதி வேலையை முடித்துத் தருவார். வேறு ஆளிடம் கொடுக்க நினைத்தால் மரத்தையும் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம், எங்களுக்கு வருத்தமில்லை.

இப்படிக்கு,
அம்மா, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்