ஃபைபர் வள்ளங்களுக்கான வெளிப்பொருத்தும் இயந்திரங்களின் திறனைக் கடல் சோதனையின் அடிப்படையில் பரிந்துரைக்கக் கோரும் மனு

அனுப்புநர்
கையொப்பத் தாளில் பெயர் கண்டுள்ள ஃபைபர் வள்ள உரிமையாளர்களும் தொழிலாளர்களும்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை,
சென்னை.

பொருள்: வெளிப்பொருத்தும் இயந்திரங்களின் குதிரைத்திறனுக்கும் வள்ளங்களின் வேகத்துக்கும் உள்ள தொடர்பை, சுமையோடும் சுமையின்றியும் குமரிக் கடலில் சோதித்து முடிவுகளை வெளியிடுதல், மானியத்தை அம்முடிவுகளோடு இணைத்தல் ஆகியவை தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நாங்கள் 25 முதல் 32 அடி வரை நீளமுள்ள ஃபைபர் வள்ளங்களில் தூண்டில் தொழிலும் வலைத் தொழிலும் செய்து வருகிறோம். எங்கள் வள்ளங்களின் அமரத்தில் (பின்முனையில்) 9.9, 25, 40 குதிரைத்திறன் என்று பல அளவுகளில் என்ஜின்கள் பூட்டப்பட்டிருக்கின்றன. எந்த வள்ளத்துக்கு எந்த என்ஜின் பொருந்தும் என்பதை இன்றுவரை விற்பனைக் கடைக்காரரின் சொல்லையும் பக்கத்து வள்ளக்காரரின் ஓட்டத்தையும் பார்த்துத்தான் நாங்கள் முடிவு செய்கிறோம். அரசு மானியத்துடன் இயந்திரங்கள் வழங்கும் திட்டங்கள் நடைமுறையில் இருக்கும் நிலையில், இந்த முடிவு கண்மூடித்தனமாக எடுக்கப்படுவதால் எங்கள் பணமும் அரசின் பணமும் கடலில் புகையாய்ப் போகின்றன என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்த மனு.

வேகத்தின் மேல் எங்களுக்குள்ள ஆசைக்குக் காரணம் உண்டு. முதலில் கரையேறும் மீனுக்கு ஏலத்தில் கிடைக்கும் விலை, ஒரு மணி நேரம் கழித்து வரும் அதே மீனுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே ஒருவர் 25 வாங்கினால் அடுத்தவர் 40 வாங்குகிறார். ஆனால் திறன் நான்கு மடங்கானால் வேகமும் நான்கு மடங்காகும் என்ற எண்ணம் தவறு. சுமையேற்றிய வள்ளத்தில் அது இரண்டு மடங்குகூட ஆவதில்லை என்பதைக் கணக்கோடு சொல்ல விரும்புகிறோம்.

வள்ளம் தண்ணீரை விலக்கிக்கொண்டு ஓடும்போது அணியத்தில் (முன்முனையில்) ஓர் அலையும் அமரத்தில் ஓர் அலையும் எழுகின்றன. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடி, ஒரு கட்டத்தில் வள்ளத்தின் நீர்மட்ட நீளத்துக்கு (நீர்மட்டத்தில் அளந்த நீளத்துக்கு) சமமாகிறது. அதற்கு மேலும் என்ஜினை முறுக்கினால் அமரம் பள்ளத்தில் இறங்கி, அணியம் மேலெழுந்து, தான் எழுப்பிய அலையின் மேலேயே வள்ளம் ஏற முயல்கிறது. கொடுக்கும் திறனில் பெரும்பகுதி அலையை வளர்ப்பதிலேயே செலவாகிறது. நீர்மட்ட நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் இந்த எல்லை கிடைக்கும் என்பது படகு வடிவமைப்பில் வழங்கும் கணக்கு. அதன்படி 25 அடி நீர்மட்ட நீளமுள்ள வள்ளத்தின் எல்லை மணிக்கு 6.7 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 12.4 கிலோமீட்டர். ஒடுக்கமான வள்ளங்கள் இதைச் சற்று மீறலாம். அகன்ற, கனத்த வள்ளங்கள் இதைத் தொடவே திணறும்.

இந்த எல்லைக்கு உட்பட்ட ஓட்டத்தில், தேவைப்படும் திறன் வேகத்தின் முப்படியை (வேகத்தை அதே வேகத்தால் மேலும் இருமுறை பெருக்கிய அளவை) ஒட்டி உயர்கிறது. 30 அடி நீர்மட்ட நீளமுள்ள வள்ளத்தின் எல்லை ஏறத்தாழ 7.3 கடல் மைல்; மணிக்கு 6 கடல் மைலில் ஓடும் அந்த வள்ளத்தை 7 கடல் மைலில் ஓட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 59 விழுக்காடு கூடுதல் திறன் வேண்டும். 20 கடல் மைல் தொலைவிலுள்ள மடைக்கு (மீன்பிடிக்கும் இடத்துக்கு) போக 6 கடல் மைல் வேகத்தில் 3 மணி 20 நிமிடமும், 7 கடல் மைல் வேகத்தில் 2 மணி 51 நிமிடமும் ஆகும். மிச்சமாவது அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் அந்த ஓட்டத்துக்கான எரிபொருள் ஏறக்குறைய 36 விழுக்காடு கூடுகிறது. எல்லையை நெருங்கும்போது உண்மையான செலவு இதையும் தாண்டும்.

பெரிய என்ஜின் பூட்டியவர்கள் இதற்குச் சொல்லும் பதில் நியாயமானதுதான்: தங்கள் வள்ளம் தண்ணீரை விலக்கி ஓடுவதில்லை, அதன் மேல் வழுக்கி ஓடுகிறது என்பார்கள். போதிய திறன் இருந்தால் வள்ளம் தன் அலையைத் தாண்டி எழுந்து நீர்ப்பரப்பில் சறுக்கத் தொடங்கும். அதன் பிறகு மேற்சொன்ன எல்லை அதற்குப் பொருந்தாது. ஆனால் அங்கும் வேகம், திறனுக்கு நேர்விகிதத்தில் உயர்வதில்லை. தோராயமாகத் திறனின் வர்க்கமூலத்தை ஒட்டியே உயர்கிறது. திறனை இரட்டித்தால் வேகம் 41 விழுக்காடு அளவுக்கே கூடும். மேலும், எழுந்து சறுக்குவதே சுமையைப் பொறுத்தது. ஒரு குதிரைத்திறனுக்கு 25 முதல் 30 கிலோ வரை எடை வரும்போது தட்டையான அடிப்பாகம் உள்ள வள்ளம் எழும். 40 கிலோவைத் தாண்டினால் திணறும்.

எங்கள் தொழிலின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆள், என்ஜின், எரிபொருள், வலை எல்லாம் சேர்ந்து 1,200 கிலோ எடையுடன் புறப்படும் வள்ளத்தில் 40 குதிரைத்திறன் என்ஜின் இருந்தால், ஒரு குதிரைத்திறனுக்கு 30 கிலோ. வள்ளம் எழுந்து பறக்கும். அதே வள்ளம் மீனும் ஐஸும் நனைந்த வலையுமாய் 2,000 கிலோவோடு திரும்பும்போது ஒரு குதிரைத்திறனுக்கு 50 கிலோ ஆகிவிடுகிறது. என்ஜின் முழு முறுக்கில் கத்தும். வள்ளமோ அணியத்தைத் தூக்கிக்கொண்டு, அமரத்தை இழுத்துக்கொண்டு, எழவும் முடியாமல் அமரவும் முடியாமல் வரும். ஏலத்துக்கு முந்த வேண்டிய திரும்பும் ஓட்டத்தில்தான் வாங்கிய வேகம் நமக்குக் கிடைப்பதில்லை.

இருவீச்சு (டூ ஸ்ட்ரோக்) என்ஜின் முழு முறுக்கில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறத்தாழ 0.4 முதல் 0.5 லிட்டர் வரை குடிக்கும். நடுவாக 0.45 என்று எடுத்தால் 40 குதிரைத்திறனுக்கு மணிக்கு 18 லிட்டர், 9.9க்கு ஏறத்தாழ 4.5 லிட்டர். 20 கடல் மைல் போகும்போது பெரிய என்ஜின் மணிக்கு 14 கடல் மைல் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால் 26 லிட்டரும், சுமையோடு திரும்பும்போது 8 கடல் மைலாகக் குறைகிறது என்று வைத்துக்கொண்டால் 45 லிட்டரும் செலவாகும். சிறிய என்ஜின் போகும்போது 6.5, வரும்போது 5.5 கடல் மைல் ஓடினால் மொத்தமே சுமார் 30 லிட்டர்தான். 71 லிட்டருக்கும் 30 லிட்டருக்கும் உள்ள இந்த இடைவெளியில் மிச்சமாகும் நேரம் மூன்று மணிக்கும் குறைவு. அந்த நேரத்துக்கு அந்த விலை தகுமா என்பது அன்றன்று கிடைக்கும் மீனைப் பொறுத்தது. சூரையும் நெய்மீனும் ஓடும் நாளில் தகலாம், சாளை நாளில் தகாது. இவை ஓடி அளந்த எண்கள் அல்ல, கணக்குப் போட்டுப் பார்த்தவை. ஓடி அளந்த எண்கள் எங்கள் கையில் இல்லாததே எங்கள் குறை.

என்ஜினின் மூடியில் எழுதியிருக்கும் எண்ணைவிடப் புரொப்பல்லரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. எழுதிய திறன் முழுவதும் தண்ணீருக்குப் போய்ச் சேருவதில்லை. கடையில் என்ஜினோடு வரும் புரொப்பல்லர் பெரும்பாலும் இலேசான, வேகமான படகுக்கு ஏற்ற, கூடுதல் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்) உள்ளது. அதைக் கனத்த வள்ளத்தில் பூட்டினால் என்ஜின் தனக்கு விதிக்கப்பட்ட சுழற்சியை எட்டவே எட்டாது. முழு முறுக்கில் வைத்தும் மூச்சுத் திணறி, கரி படிந்து, சூடேறி, சில ஆண்டுகளில் பிஸ்டன் போகும். பிட்ச் குறைந்த, விட்டம் கூடிய புரொப்பல்லரை மாட்டினால் அதே 9.9 என்ஜின் அதே வள்ளத்தைக் கூடுதல் இழுவிசையோடு தள்ளும். கனச்சுமைக்கென்றே பெரிய புரொப்பல்லரும் கூடுதல் கியர்க் குறைப்பும் உள்ள ‘ஹை த்ரஸ்ட்’ மாதிரிகளும் உண்டு. ஒரு புரொப்பல்லரின் விலை, அடுத்த அளவு என்ஜினுக்குத் தாவும் செலவில் சிறு பங்குதான். ஆயினும் பெரிய என்ஜினுக்கு ஆலோசனை சொல்ல ஆள் இருக்கும் அளவுக்குச் சரியான புரொப்பல்லருக்குச் சொல்ல ஆள் இல்லை. இதோடு, துறைமுகத்தில் நீரிலேயே கட்டிக் கிடக்கும் வள்ளங்களின் அடியில் கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் ஓட்டுயிரி) படிவதும், மண்ணெண்ணெயில் ஓட்டும்போது திறன் சற்றுக் குறைவதும் சேர்ந்துகொள்கின்றன.

இவ்வளவையும் சொல்வதால், சிறிய என்ஜினே போதும் என்று நாங்கள் வாதாடுவதாகத் தாங்கள் கொள்ள வேண்டாம் எனப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் கரையலையைத் தாண்டும்போதும், மணல் சேர்ந்த துறைமுக முகத்துவாரத்தில் நுழையும்போதும், இரண்டு அலைகளுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில் வள்ளத்தைச் சட்டென உந்தும் திறன் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரத்தில் வள்ளங்கள் கவிழ்ந்து எங்கள் ஆட்கள் இறந்திருப்பது தங்கள் துறை அறிந்ததே. அந்த இடத்தில் வேண்டியது உச்ச வேகம் அல்ல, உடனடி உந்துதல். அதைத் தருவது திறனும் புரொப்பல்லரும் சேர்ந்துதான். அதேபோல் எங்களில் பலர் வள்ளத்தில் இரண்டாவது என்ஜினையும் கொண்டு செல்கிறோம். அது வேகத்துக்காக அல்ல. கரைக்கு 30 கடல் மைலுக்கு அப்பால் ஓர் என்ஜின் நின்றுபோனால் திரும்பி வருவதற்காக. பெரிய என்ஜின் ஒன்றைவிடச் சிறிய என்ஜின்கள் இரண்டு எங்களைப் போன்றோருக்குப் பாதுகாப்பானவை என்பது எங்கள் அனுபவம்.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தில் எத்தனை வீடுகளை வெறுமையாக்கியது என்பதைத் தங்களுக்கு எடுத்துச் சொல்லத் தேவையில்லை. கரையிலிருந்து 40 கடல் மைலில் நிற்கும் வள்ளம் மணிக்கு 6 கடல் மைல் வேகத்தில் திரும்ப 6 மணி 40 நிமிடம் வேண்டும். எதிர்க்காற்றிலும் எதிரலையிலும் அது 4 கடல் மைலாகக் குறைந்தால் 10 மணி நேரம் வேண்டும். 40 குதிரைத்திறன் இருந்தாலும் கொந்தளிக்கும் கடலில் அதை முறுக்க முடியாது. முறுக்கினால் அணியம் அலையில் அறைந்து பிளக்கும். எனவே எச்சரிக்கை விடுக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும்போது, கடை விளம்பரத்தில் உள்ள வேகத்தை அல்லாமல், சுமையேற்றிய வள்ளம் மோசமான கடலில் ஓடக்கூடிய வேகத்தையே அளவாகக் கொள்ள வேண்டும். அந்த வேகம் என்ன என்பதை வள்ள வகைவாரியாக அளந்து வைத்திருப்பது தங்கள் துறையின் கையில்தான் இருக்கிறது.

தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் விசைப்படகுகளுக்கு 24 மீட்டர் நீளம், 240 குதிரைத்திறன் என்று நீளத்தையும் திறனையும் சேர்த்தே வரம்பு வைக்கப்பட்டிருக்கிறது. படகையும் என்ஜினையும் இணைத்துப் பார்க்கும் அந்த முறையையே சிறு வள்ளங்களுக்கு வழிகாட்டுதலாகவாவது கொண்டுவர வேண்டும் என்று கேட்கிறோம்.

ஆகவே, இம்மாவட்டத்தில் வழக்கிலுள்ள வள்ள வகைகளைத் தேர்ந்து, அவற்றில் 9.9, 25, 40 குதிரைத்திறன் என்ஜின்களை மாற்றி மாற்றிப் பூட்டி, இலேசான சுமையிலும் முழுச் சுமையிலும், காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஈடாக ஒரே தடத்தில் போகவும் வரவும் ஓட்டி, ஜி.பி.எஸ். வேகத்தையும் என்ஜினின் சுழற்சியையும் எரிபொருள் செலவையும் பதிவு செய்ய ஆவன செய்யுமாறு வேண்டுகிறோம். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமோ நாகப்பட்டினத்திலுள்ள மீன்வளப் பல்கலைக்கழகமோ இதை நடத்தலாம். ஒவ்வொரு என்ஜினையும் குறைந்தது இருவகைப் புரொப்பல்லர்களுடன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதை வலியுறுத்துகிறோம். அது இல்லாத சோதனை பாதிச் சோதனைதான். முடிவுகளைத் தமிழில் அட்டவணையாக அச்சிட்டு மீன்பிடி துறைமுகங்களிலும் கூட்டுறவுச் சங்கங்களிலும் ஒட்டச் செய்ய வேண்டும். மானியத்தில் என்ஜினோடு வள்ளத்துக்கேற்ற புரொப்பல்லரையும், மாற்றாக வைத்திருக்கும் இரண்டாவது சிறிய என்ஜினையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு அச்சத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இந்தச் சோதனையின் முடிவைக் காரணம் காட்டிப் பெரிய என்ஜின் வைத்திருப்போருக்குத் தடையோ, மானிய எரிபொருளில் வெட்டோ விதிக்கப்படுமானால், அடுத்த முறை எந்த வள்ளக்காரரும் அளவெடுக்க வள்ளம் தரமாட்டார். நாங்கள் கேட்பது தெரிந்து முடிவெடுக்கும் வாய்ப்பை மட்டுமே.

சோதனைக்கு வேண்டிய வள்ளங்களையும், கரையலை அறிந்த ஓட்டுநர்களையும் நாங்கள் கூலியின்றித் தரத் தயாராக இருக்கிறோம். எரிபொருளையும் சோதனை என்ஜின்களையும் துறை ஏற்றுக்கொண்டால் போதும். கடல் அமைதியாக இருக்கும் சனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களில் முதல் கட்ட ஓட்டத்தையும், கச்சான் காற்று (தென்மேற்குப் பருவக்காற்று) தொடங்கும் மே இறுதியில் இரண்டாம் கட்ட ஓட்டத்தையும் வைத்துக்கொண்டால் இரு நிலைகளின் அளவும் கிடைக்கும். இதற்கான நாளையும் இடத்தையும் குறித்து எங்களுக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஃபைபர் வள்ள உரிமையாளர்களும் தொழிலாளர்களும்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இடம்: நாகர்கோவில்

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.