தலைமாட்டுல எதுவும் வேணாம்

அன்புள்ள கலா,

உன் வாய்ஸ் மெசேஜ ரெண்டு தடவ கேட்டேன் டி. நிவேதாவுக்கு ஜப்பான்ல சென்டாய் ஊர்ல மாஸ்டர்ஸ் சீட் கிடைச்சிருக்குன்னு சொல்றப்போ உன் குரல்ல அவ்ளோ சந்தோஷம், அடுத்த நிமிஷமே "அங்க பூகம்பம் வருமாமே டி"ன்னு குரல் இறங்கிடுச்சு. போன்ல பேசினா பாதி மறந்துடுவேன், அதான் உக்காந்து டைப் பண்றேன். அம்மா முட்டி வலி இப்போ எப்படி இருக்கு? மாடி ஏற விடாத.

வரும் டி. வராதுன்னு பொய் சொல்லி உன்ன சமாதானப்படுத்த மாட்டேன். 2011 மார்ச் 11ல 9.0 வந்ததே, சென்டாய் ரொம்பவே ஆடுன ஊர். ஆனா ஜப்பான்ல 1981ல கட்டட விதிய கடுமையாக்கினாங்க, அதுக்கப்புறம் கட்டின பில்டிங் பெரும்பாலும் தாங்கும், அதனால ரூம் பாக்குறப்போ எந்த வருஷம் கட்டினதுன்னு மட்டும் கேக்க சொல்லு. நான் பயப்படுறது வேற விஷயத்துக்கு. பில்டிங் நிக்கும், உள்ள இருக்குற பீரோ நிக்காது.

உன்கிட்ட இத நான் சொன்னதே இல்ல. 2021 அக்டோபர் 7, நவராத்திரி முதல் நாள், அப்போ நாங்க டோக்கியோல அடாச்சி வார்டுல இருந்தோம். சாயந்தரம்தான் அஞ்சு படி கொலு வச்சு முடிச்சிருந்தேன். பையனுக்கு அப்போ ஆறு வயசு, பொம்மைய விட்டு வரமாட்டேன்னு அடம், நானும் முதல் நாள்தானேன்னு விட்டுட்டேன். ராத்திரி 10:41க்கு ஆடுச்சு பாரு. பூகம்பத்தோட பலம் 5.9தான், ஆனா ஒவ்வொரு எடமும் எவ்ளோ ஆடுச்சுன்னு ஜப்பான்ல தனியா ஒரு அளவு வச்சிருக்காங்க, அதுல எங்க பக்கம் அஞ்சு பிளஸ், மொத்தமே ஏழு வரைக்கும்தான் அந்த அளவு. தசாவதாரம் செட் மொத்தமும் மேல்படியிலேந்து சரிஞ்சு வந்துச்சு, நான் பையன இழுத்துட்டு டேபிளுக்கு அடியில போயிட்டேன். ஆட்டம் நின்னதும் உள் ரூம்ல லைட்ட போட்டா, அவன் படுக்கைக்கு பக்கத்துல நின்ன புக் ஷெல்ஃப் குப்புற விழுந்து கெடக்கு. சரியா தலகாணி மேல. ஷெல்ஃபோட மேல்தட்டு விளிம்பு தலகாணில ஒரு பள்ளம் போட்டிருந்துச்சு, நான் அத கையால நீவிப் பாத்தேன், அந்த பள்ளம் எழும்பவே இல்ல. தினமும் ஒம்பது மணிக்கு தூங்குற புள்ள டி அவன்.

ஜப்பான்ல கோபே ஊர்ல 1995 ஜனவரி 17ல வந்த பூகம்பம் காலைல 5:46க்கு, ஊரே தூங்குற நேரம். 6,434 பேர் போயிட்டாங்க, பெரும்பாலானவங்க இடிஞ்ச வீட்டுக்கும் சாஞ்ச சாமானுக்கும் அடியில மாட்டினவங்கதான். இதெல்லாம் வந்த புதுசுல வார்டு ஆஃபிஸ்ல கொடுத்த புக்லெட்ல இருந்துச்சு, படிச்சேன், மடிச்சு அதே ஷெல்ஃப்ல வச்சேன்.

அடுத்த நாள் காலைல வீட்டுக்காரர் லீவு போட்டுட்டு கடைக்கு போனார். மொதல்ல எல் ஷேப் பிராக்கெட் வாங்கி சுவத்துல ஸ்க்ரூ பண்ணார், கைய வச்சு ஒரு இழு இழுத்ததும் மாவு கொட்டுற மாதிரி வெளிய வந்துடுச்சு, ஏன்னா உள்சுவர் எல்லாம் வெறும் ஜிப்சம் போர்டு. அதுக்கு பின்னாடி சட்டம் எங்க ஓடுதோ அங்க அடிச்சாதான் பிடிக்கும், சுவத்த தட்டிட்டே போனா பொத்து பொத்துனு கேக்குற சத்தம் ஒரு எடத்துல கெட்டியாகும், அங்க மெல்லிசா ஊசி குத்திப் பாக்குற ஒரு சின்ன சாமானும் விக்குது. ஆனா நிவேதா இருக்கப் போறது வாடகை ரூம், ஓட்டை போட்டா காலி பண்றப்போ காசு கேப்பாங்க, ஓனர்கிட்ட கேக்காம ட்ரில் வேணாம்.

அவளுக்கு முட்டுக் கம்பி போதும். பீரோவுக்கும் சீலிங்குக்கும் நடுவுல முட்டுக் கொடுக்குற கம்பி, ரெண்டு ஓரத்துலயும் ஒண்ணு, முக்கியமா சுவர ஒட்டி பின்பக்கமா வைக்கணும், எல்லாரும் முன்னாடி வச்சு ஏமாந்துடுறாங்க. சீலிங் அமுங்குச்சுன்னா நடுவுல ஒரு பலகை குடுக்கணும். கம்பி மட்டும் தனியா போதாது, பீரோவோட முன்பக்க அடியில ஆப்பு மாதிரி ஒரு பட்டை சொருகணும், பீரோ இம்மியளவு சுவர் பக்கமா சாஞ்சு நிக்கும். ரெண்டும் சேந்தா நல்ல பிடிப்பு. டிவி, மைக்ரோவேவ் அடியில ஜெல் மேட், தூசி இருந்தா ஒட்டாது, நல்லா தொடச்சிட்டு ஒட்டணும், பாக்கெட்ல போட்ட வருஷம் முடிஞ்சா மாத்திடணும். அத வெட்டித்தான் இப்போ ஒவ்வொரு கொலு பொம்மைக்கு அடியிலயும் ஒட்டுறேன், செட்டியார் பொம்மைக்கு மட்டும் மூணு துண்டு.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி அவ ஒண்ணு செய்யணும் டி. ரூமுக்கு போன முதல் நாளே தரைல படுத்துக்கிட்டு மேலயும் சுத்தியும் பாக்கணும், எது சாஞ்சா என் மேல விழும், எது விழுந்தா கதவு அடைக்கும்னு. உயரமா இருக்குறது எதுவும் தலைமாட்டுல வேணாம். கனமான சாமான் கீழ்தட்டுல, மேல துணி மட்டும். நம்ம ஹாஸ்டல்ல தலைக்கு மேல பரண்ல நாலு ட்ரங்கு பெட்டி அடுக்கி வச்சிட்டு தூங்கினோமே ஞாபகம் இருக்கா, இப்போ நெனச்சா எனக்கு வயித்த கலக்குது. படுக்கைக்கு பக்கத்துல செருப்பும் டார்ச்சும், உடஞ்ச கண்ணாடி மேல வெறுங்கால் வச்சுடக்கூடாது.

டோக்கியோலேந்து சென்டாய்க்கு ஹயாபுசா ட்ரெயின்ல ஒன்றரை மணி நேரம்தான். அவ வந்து இறங்குற வாரம் சனிக்கிழமை நாங்க ரெண்டு பேரும் கம்பியும் ஸ்க்ரூட்ரைவருமா போயி மாட்டிட்டு வந்துடுறோம், சீலிங் எவ்ளோ உயரம்னு மட்டும் அளந்து முன்னாடியே அனுப்ப சொல்லு, கம்பி சைஸ் சைஸா வருது. அவ பெட்டில எடம் இருந்தா கூர்மாவதாரம் ஒண்ணு குடுத்து விடு, அன்னிக்கு உடஞ்சதுல அது மட்டும் இன்னும் கிடைக்கல.

அன்புடன்,
சுமதி