தம்மம்பட்டிக்குப் போகிற மகளுக்கு

பாப்பா,

பூஜை அறைக்குப் புதுக் கதவு சொல்லத் தம்மம்பட்டிக்குப் போகிறாயாம், அம்மா சொன்னாள். ஓசூரில் ஏறினால் சேலம் பஸ் தருமபுரி வழியாகத்தான் வரும். நீ இறங்குவதாக அவள் சொல்லவில்லை. சேலத்தில் மாறி ஆத்தூர், அங்கிருந்து தம்மம்பட்டிக்கு வேறு பஸ். அமாவாசையன்று போகாதே, ஆசாரிகள் பெரும்பாலும் அன்று உளி எடுக்கமாட்டார்கள். ஞாயிறு என்றால் மாப்பிள்ளைக்கும் லீவுதானே?

அங்கே வாகை மரமும் தூங்குமூஞ்சி மரமும்தான் அதிகம். தூங்குமூஞ்சி உளிக்கு இணங்கும், அகலமான கட்டையாகவும் கிடைக்கும். கரும்பழுப்பாக இருக்கிற வைரப் பகுதியில் செய்யச் சொல். ஓரத்து வெளிறிய மரத்தில் பூச்சி விழும். குண்டூசித் தலையளவு ஓட்டையும் கீழே மாவு மாதிரித் தூளும் இருந்தால் உள்ளே இன்னும் தின்றுகொண்டிருக்கிறது.

பெயிண்ட் அடித்ததை வாங்காதே. மரத்தூளையும் ஃபெவிகாலையும் குழைத்து விரிசலை அடைத்து மேலே பெயிண்ட் ஏற்றிவிட்டால் எனக்கே தெரியாது, உனக்கு எங்கே தெரியும்? வெறும் மரமாகக் காட்டச் சொல். பின்பக்கம் திருப்பிப் பார், அறுத்த முனையைப் பார். ஈரம் முனை வழியாகத்தான் சீக்கிரம் வெளியேறும், விரிசலும் அங்கேதான் முதலில் விடும். மேல்மரம் காய்ந்து சுருங்கும்போது உள்மரம் ஈரத்தோடு சுருங்காமல் நிற்கும், இழுபறியில் பிளந்துவிடும். அதனால்தான் கட்டையின் இரண்டு முனையிலும் சாணியோ மெழுகோ பூசி நிழலில் அடுக்குவது. ஒரு அங்குல கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம். ஒன்றரை அங்குலக் கதவென்றால் நீயே கணக்குப் போட்டுக்கொள். பலகையைக் கன்னத்தில் வைத்துப் பார், ஜில்லென்றிருந்தால் காயவில்லை.

நிற்கிற பிள்ளையார் கேட்டால் ஐந்து தாளம்: மொத்த உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு முகம். 20 அங்குலத்துக்கு 4 அங்குலம். டேப்பை எடுத்து அளந்து பார், கூச்சப்படாதே. டேப் பிடிக்கச் சின்னதிலேயே உனக்கு வந்துவிட்டது, உன் அண்ணனுக்கு இன்னும் வரவில்லை. கை, துதிக்கை ஒரே கட்டையில் வந்ததா, ஒட்டு வைத்ததா என்றும் கேள். ஒட்டு தப்பில்லை, மரத்தின் ரேகை ஒரே வாக்கில் ஓடவேண்டும். பெயிண்ட் அடித்தது வேண்டாம், மறக்காதே.

மாப்பிள்ளையும் வருகிறார்தானே? கதவு கனமாக இருக்கும், அதற்குத்தான் கேட்கிறேன். மூன்று மாசமாக அவர் குரலைக் கேட்கவில்லை.

பழைய கதவை என்ன செய்தாய்? இடது கதவில் மயில் கழுத்துக்குக் கீழே பிளந்திருக்கும். எனக்குத் தெரியும். அறுத்து நாலு மாசம் ஆகாத மரம் அது. லாரியில் ஏற்றுவதற்கு முன்பே விரிசல் விட்டுவிட்டது. தூளை அடைத்துப் பாலிஷ் போட்டது நான்தான். ஆறு மாசம் போகட்டும் அப்பா என்று நீ சொன்னாய். பெண் பார்த்த நாற்பதாம் நாள் முகூர்த்தம் வைத்தேன். மரமும் காயவில்லை, நீ சொன்னதும் என் காதில் ஏறவில்லை.

அதை எடைக்குப் போட்டுவிடாதே. அடைத்ததைச் சுரண்டி எடுத்து, அதே மரத்தில் மெல்லிசாகச் சீவி ரேகையோடு சொருகினால் பிடித்துக்கொள்ளும். இத்தனை வருஷத்தில் இப்போது நன்றாகக் காய்ந்திருக்கும், இனிமேல் நகராது. கீலோடு கழற்றி வை, நான் வந்து எடுத்துக்கொள்கிறேன்.

திரும்பும்போது தருமபுரியில் இறங்கு. தனியாக வந்தாலும் இறங்கு.

அப்பா