செயலாளர் ஆண்டறிக்கை: இரண்டு அமர்வுகளுக்கு நடுவே நடந்த போர்

தலைவர் அவர்களே, கழக உறுப்பினர்களே, வணக்கம்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். நிர்வாகக் குழு ஒழுங்காகக் கூடியது. நான் விரிவாகச் சொல்ல விரும்புவது, போர்த்துக்கேயரிடமிருந்த யாழ்ப்பாணக் கோட்டையை 1658ஆம் ஆண்டு ஒல்லாந்தர் முற்றுகையிட்டதை வைத்து, ஆளுக்கொரு பாத்திரமேற்று மேசைமேல் பல அமர்வுகளாக நாம் நடத்திய தொடர் போர் விளையாட்டைப் பற்றியே.

மாதம் ஒருமுறை கூடும் கழகத்தில் தொடர் விளையாட்டு தளர்ந்துபோவது வழக்கம். யாருடைய படை எங்கே நின்றது, யார் யாருக்கு வாக்குக் கொடுத்தார் என்பதெல்லாம் அடுத்த அமர்வுக்குள் மறந்துபோகும். இம்முறை வட்ஸ்அப் கைகொடுத்தது. கோட்டைக்குள் இருந்த போர்த்துக்கேயருக்கு ஒரு குழு, வெளியே நின்ற ஒல்லாந்தருக்கு இன்னொரு குழு. இரண்டையும் பார்ப்பவர் நடுவர் மட்டுமே; கடிதங்கள் அவர் வழியாகவே சென்றன. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டு விதிகளிலும் கட்டளைகள் எழுத்தாக நடுவரிடமே சென்றன.

கோட்டைத் தளபதியாக விளையாடியவர் ஊர்காவற்றுறைக் கடற்கோட்டைக்கு எழுதினார்: "கோவாவிலிருந்து கப்பல் வரும்வரை தாங்குங்கள்." கடிதம் கொண்டுபோன தூதுவனின் கதியை முடிவுசெய்ய நடுவர் பகடை உருட்டினார். தூதுவன் பிடிபடவில்லை, ஆனால் சுற்றுவழியில் போனான். கடிதம் சேர இரண்டு நாள் ஆனது. அதற்குள் கடற்கோட்டை சரணடைந்துவிட்டது. உண்மையான முற்றுகை மூன்று மாதங்களுக்கு மேல் இழுபட்டு, கோட்டைக்குள் பசியும் நோயும் பரவி, ஜூன் மாதத்தில்தான் முடிந்தது. அந்தக் காத்திருப்பின் கொடுமையை ஒரு மாலைப்பொழுதில் மேசைமேல் காட்டவே முடியாது. தாமதித்து வந்த கடிதங்கள் அதைக் காட்டின.

முகநூலில் எங்கள் வரைபடத்தையும் வர்ணம் தீட்டிய சிறு உருவங்களையும் பலர் பார்த்தார்கள். கனடாவில் வாழும் உறுப்பினர் ஒருவர் ஒல்லாந்தக் கப்பல் தலைவராக அங்கிருந்தே நாட்குறிப்பு எழுதினார். ஆயினும் இவ்வாண்டின் பெருமை கரையூர்ப் படகோட்டியின் மனைவியாக விளையாடிய மாணவிக்கே உரியது. அவரிடம் ஒரு படைவீரன்கூட இல்லை. "இரவில் மீன் யாருக்கு விற்றேன் என்று கேட்காதீர்கள், பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று கேளுங்கள்" என்று அவர் எழுதிய பிறகு, இரு தரப்பும் ஊராரை நினையாமல் ஒரு கட்டளையும் இடவில்லை. பாத்திரமேற்று விளையாடுவதன் பயன் இதுவே என்பது என் உறுதியான எண்ணம்.

வரும் ஆண்டுக்குச் சில ஏற்பாடுகள் தேவை. விதி பற்றிய வாதங்களைக் குழுவில் எழுதாமல் அமர்வில் பேசித் தீர்க்க வேண்டும். படைகள் நிற்கும் இடம் தெரியும் படங்களை அமர்வு முடியுமுன் முகநூலில் போடக் கூடாது. திறன்பேசி இல்லாத உறுப்பினர்களுக்குக் கடிதங்களைத் தாளில் எழுதிக் கொடுக்கும் பொறுப்பை ஒருவர் ஏற்க வேண்டும்.

1619இல் யாழ்ப்பாண அரசின் சங்கிலி மன்னன் ஆட்சியிழந்த காலத்தை அடுத்த தொடராக எடுக்கலாம் என்று முன்மொழிகிறேன். சபை ஆராய்ந்து முடிவெடுக்கட்டும்.

நன்றி.

செயலாளர்